ஈக்வலைசர் ஹிட்ச்: டிரெய்லரின் மட்டம் வேறு, டிரக்கின் பாரம் வேறு

அமெரிக்காவில் பயண டிரெய்லர் (டிரக்கின் பின்னால் செல்லும் நடமாடும் வீடு) இழுப்பவர்களிடையே அதிகம் பேசப்படும் எடைப்பகிர்வு ஹிட்ச்களுள், அதாவது டிரெய்லரை டிரக்குடன் இணைத்து அதன் பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கருவிகளுள், ஒன்று, யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் இயங்கும் புரோகிரஸ் நிறுவனத்தின் ஈக்வலைசர். டெக்சாஸில் வசிக்கும் நாங்கள், 26 அடி நீளமுள்ள இரட்டை அச்சு டிரெய்லர் ஒன்றை ஃபோர்டு எஃப்-150 டிரக்கில் இழுத்துச் செல்வதற்காக மொத்தம் 10,000 பவுண்டு வரை எடையுள்ள டிரெய்லருக்கான இதன் வகையை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். கருவி உறுதியானது, கொடுத்த விலைக்குத் தகுதியானது என்பதே என் கருத்து. ஆனால் அந்தக் கருத்து, முறையாகப் பொருத்தி அளந்து சரிசெய்யப்பட்ட ஈக்வலைசருக்கு மட்டுமே பொருந்தும். வாங்குபவர்களில் பலர் டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, நின்றால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். டிரெய்லர் மட்டமாக நிற்பதைத் தீர்மானிப்பது, அதன் நுனி வந்து அமரும் ஹிட்ச் பந்தின் உயரம். டிரக்கின் முன்சக்கரங்களில் போதிய பாரம் இருப்பதைத் தீர்மானிப்பது, ஹிட்ச்சிலிருந்து டிரெய்லர் சட்டத்தை நோக்கி நீளும் ஸ்பிரிங் பார்களின் இறுக்கம். இவை இரண்டும் ஒன்றையொன்று தொடுபவை என்றாலும் ஒன்றல்ல. ஒன்றைச் செய்து மற்றதைச் சாதிக்க முயல்வதால்தான் இந்த ஹிட்ச்சைப் பற்றிய குறைகள் பெரும்பாலும் எழுகின்றன.

முதலில் இது எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம். டிரெய்லரின் முன்நுனி டிரக்கின் மீது செலுத்தும் பாரத்தை டங் வெயிட் என்கிறோம். பயண டிரெய்லர்களில் அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். இந்தப் பாரம் டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலே இறங்குவதில்லை, அதற்கும் பின்னால் தள்ளி இறங்குகிறது. எனவே கிணற்றடி ஏற்றத்தைப் போல, பின் அச்சு தாங்குகோலாகி, வால் பக்கம் தாழ, முன்பக்கம் தூக்கப்படுகிறது. என் டிரக்கில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 145 அங்குலம்; பின் அச்சிலிருந்து பந்து வரை ஏறக்குறைய 65 அங்குலம். டங் வெயிட் 800 பவுண்டு என்றால், 800-ஐ 65-ஆல் பெருக்கி 145-ஆல் வகுக்க, முன் அச்சிலிருந்து சுமார் 360 பவுண்டு பறிபோகிறது. பின் அச்சு, டிரெய்லரின் 800 பவுண்டோடு இந்த 360-ஐயும் சேர்த்து 1,160 பவுண்டு கூடுதலாகச் சுமக்கிறது. திசைமாற்றுவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரங்களே என்பதால், இந்த இழப்பு வெறும் தோற்றப் பிரச்சினை அல்ல. இரவில் எதிரே வருபவர் கண்ணில் நம் முகப்பு விளக்கு அடிப்பதும் இதனால்தான்.

எடைப்பகிர்வு ஹிட்ச் செய்வது என்னவென்றால், பந்தைத் தாங்கும் தலைப்பகுதியிலிருந்து டிரெய்லர் சட்டத்தை நோக்கி நீளும் இரண்டு எஃகு பார்களை வளைத்து விறைப்பாக வைப்பதன் மூலம், டிரக்கின் வால்பகுதியை மேல்நோக்கி நெம்புவது. அவ்வாறு நெம்பும்போது பின் அச்சிலிருந்து விலகும் பாரத்தின் ஒரு பங்கு முன் அச்சுக்குத் திரும்புகிறது, மற்றொரு பங்கு டிரெய்லரின் சொந்த அச்சுகளுக்குப் போகிறது. பாரம் இடம் மாறுகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில் டிரக் எவ்வளவு சுமக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ, அந்த வரம்பு எந்த ஹிட்ச்சை மாட்டினாலும் உயராது. இதை விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை. டங் வெயிட், ஹிட்ச்சின் எடை, குடும்பத்தார், நாய், ஐஸ் பெட்டி எல்லாம் அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும்.

ஈக்வலைசரின் அமைப்பு எளிமையானது. சங்கிலி கிடையாது. தலைப்பகுதியின் இருபுறமும் உள்ள இறுக்கமான குழிகளில் சதுர முனையுள்ள பார்கள் செருகப்படுகின்றன. அவற்றின் மறுமுனைகள் டிரெய்லர் சட்டத்தில் பூட்டப்பட்ட எல் வடிவத் தாங்கிகளின் மீது அமர்கின்றன. டிரக் திரும்பும்போது பார்கள் குழிக்குள்ளும் தாங்கியின் மேலும் உராய்ந்தே நகர வேண்டும். இரண்டு குழி, இரண்டு தாங்கி என நான்கு இடங்களில் எழும் இந்த உராய்வுதான் டிரெய்லர் பக்கவாட்டில் வாலாட்டுவதை அடக்குகிறது. தனியாக உராய்வுப் பட்டை மாட்டும் பழைய முறையில் பின்னோக்கி எடுக்கும்போது அதைக் கழற்ற வேண்டும். இதில் எதையும் கழற்றாமலே ரிவர்ஸ் எடுக்கலாம் என்பது, முகாம் மைதானத்தில் இருட்டிய பிறகு இடம் தேடி நுழைந்தவர்களுக்குப் புரியும் வசதி.

டிரெய்லரை எங்களுக்கு விற்ற கடையே ஹிட்ச்சையும் பொருத்திக் கொடுத்தது. பெயர் வேண்டாம்; இத்தகைய கடைகளில் பெரும்பாலும் நடப்பதுதான் அங்கும் நடந்தது. தண்ணீர்த் தொட்டி காலி, எரிவாயு உருளைகள் காலி, அலமாரிகள் காலி என்ற நிலையில் டிரெய்லரைக் கொக்கியிட்டு, பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மட்டமாக இருக்கிறது, போகலாம் என்று சொன்னார்கள். அளவு நாடா வெளியே வரவே இல்லை. காலி டிரெய்லருக்குச் செய்த சரிப்படுத்தல், சாமான் ஏற்றிய டிரெய்லருக்குப் பொருந்தாது. வீட்டுக்கு வந்து பயணத்துக்குரிய பொருள்களை ஏற்றியதும் டிரக்கின் வால் தாழ்ந்து, டிரெய்லரின் மூக்கும் அதனுடன் குனிந்தது. பொருத்தும் கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு இது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரியான முறை, நிறுவனத்தின் கையேட்டிலும் டிரக்கின் கையேட்டிலும் இருக்கிறது. பயணத்துக்குப் போவது போலவே இரண்டையும் ஏற்றிக்கொண்டு, உண்மையிலேயே சமதளமான ஓரிடத்தைத் தேட வேண்டும். வீட்டுக் கார்ப்பாதை பெரும்பாலும் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் அது உதவாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடம் உதவும். டிரெய்லரைத் தனியாக மட்டப்படுத்தி, அதன் நுனியில் பந்தைக் கவ்விக்கொள்ளும் கப்ளரின் உயரத்தை அளந்து, பந்தின் உச்சி அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும்படி தலைப்பகுதியை, டிரக்கில் செருகும் தண்டான ஷாங்க்கில் பொருத்துகிறோம். ஏற்றியதும் டிரக் சற்றே தாழும் என்பதற்கான முன்னேற்பாடு அது. அடுத்து, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மூன்று நிலைகளில் அளக்க வேண்டும். டிரெய்லர் இல்லாமல் ஒரு முறை, டிரெய்லர் பந்தின் மேல் அமர்ந்து பார்கள் மாட்டாமல் ஒரு முறை, பார்கள் மாட்டிய பின் ஒரு முறை. முதல் அளவு 38 அரை அங்குலம், இரண்டாவது 39 அரை என்றால், முன்பக்கம் ஓர் அங்குலம் தூக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது அளவு எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பழைய வழக்கம், முழுவதுமாக 38 அரைக்கே இறக்கிவிடுவது. இப்போதைய பல டிரக்குகளின் கையேடுகள், எஃப்-150-இன் கையேடு உட்பட, இழந்த உயரத்தில் பாதியை மீட்டால் போதும் என்கின்றன. அந்தக் கணக்கில் 39 அங்குலத்தில் நிறுத்த வேண்டும். ஹிட்ச் கையேடும் டிரக் கையேடும் முரண்பட்டால் டிரக் கையேட்டின் பக்கமே நிற்பது நல்லது. அந்த வாகனத்தின் கையாளும் தன்மையைச் சோதித்தவர்கள் அதைச் செய்தவர்கள்தாம். தானாக உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள டிரக் என்றால், அளக்கும்போது அதை நிறுத்தி வைக்க வேண்டிய முறையும் அதன் கையேட்டில் இருக்கும். நிறுத்தாமல் அளந்தால் நாடா பொய்தான் சொல்லும்.

இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இந்த ஹிட்ச்சில் இரண்டு வழிகள். ஒன்று, டிரெய்லர் சட்டத்திலுள்ள தாங்கியை ஒரு துளை உயர்த்துவது அல்லது தாழ்த்துவது. மற்றொன்று, தலைப்பகுதிக்கும் ஷாங்க்குக்கும் இடையிலுள்ள முளையில் கோக்கும் வாஷர்களின் எண்ணிக்கையை மாற்றித் தலையின் சாய்வை மாற்றுவது. வாஷர் கூடக்கூடத் தலை பின்னோக்கிச் சாய்ந்து, பார்களின் நுனி தரையை நோக்கித் தாழ்கிறது, அவற்றைத் தூக்கித் தாங்கியில் வைக்க அதிக விசை தேவைப்படுகிறது. சிறிய திருத்தத்துக்குத் தாங்கி, பெரிய திருத்தத்துக்கு வாஷர் என்று வைத்துக்கொள்ளலாம். வாஷரை மாற்ற ஷாங்க்கின் பெரிய போல்ட்களைத் தளர்த்தி மீண்டும் முடுக்க வேண்டும். அந்த போல்ட்களுக்குக் குறிக்கப்பட்ட முறுக்குவிசை 320 அடி-பவுண்டு. வீட்டில் பெரும்பாலோர் வைத்திருக்கும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் 250-ஓடு நின்றுவிடும். முக்கால் அங்குல ரெஞ்சைக் கடன் வாங்க வேண்டும், இல்லையேல் லாரி டயர் கடையில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். காலால் மிதித்து முடுக்கினால் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தளர்ந்த போல்ட்டுடன் தலை சாய்வு மாறினால், அதுவரை எடுத்த அளவுகள் அத்தனையும் வீண்.

பாரை மாட்டும் நேரம் கவனத்தோடு பார்க்கத்தக்கது. கப்ளரைப் பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கைக் கீழே இறக்கித் தரையில் ஊன்றி, டிரெய்லரின் மூக்கையும் டிரக்கின் வாலையும் ஒன்றாக மேலே தூக்குகிறோம். சில அங்குலம் உயர்ந்ததும், அதுவரை கையால் அசைக்க முடியாமல் விறைத்திருந்த பார் தளர்ந்து, ஒரு கையால் தள்ளினாலே தாங்கியின் மேல் ஏறி அமர்கிறது. முளையைச் செருகி, கிளிப்பை மாட்டி, மறுபுறமும் அவ்வாறே செய்துவிட்டு ஜாக்கை மீண்டும் உள்ளிழுத்தால், பார்கள் மெல்ல வில்லாக வளைவது கண்ணுக்கே தெரியும். தாங்கியிலிருந்து ஒரு முனகல் கேட்கும். ஜாக்கால் போதுமான அளவு உயர்த்தாமல் இரும்புக் கம்பியால் நெம்பி ஏற்ற முயல்பவர்கள்தான் இந்த ஹிட்ச் முரட்டுத்தனமானது என்கிறார்கள். கழற்றும்போதும் இதே வரிசை தலைகீழாக. மேலே தூக்காமல் முளையைப் பிடுங்கக் கூடாது.

மூன்றாவது அளவு சரியாக வந்துவிட்டது, ஆனால் டிரெய்லரின் மூக்கு இன்னும் தாழ்ந்தோ உயர்ந்தோ இருக்கிறது என்றால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறி, பார்களை மேலும் இறுக்கி மூக்கைத் தூக்கப் பார்க்கிறார்கள். மூக்கு உயரும், உண்மைதான். கூடவே டிரக்கின் பின் அச்சிலிருந்து தேவைக்கு மேல் பாரம் விலகி, ஈரச் சாலையில் வளைவில் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும் நிலை உருவாகும், ஷாங்க் செருகப்படும் டிரக்கின் ரிசீவரும் டிரெய்லர் சட்டமும் வேண்டாத நெருக்கடிக்கு ஆளாகும். செய்ய வேண்டியது, தலைப்பகுதியையே ஷாங்க்கில் ஒரு துளை மேலேயோ கீழேயோ மாற்றிவிட்டு, இறுக்கத்தை மீண்டும் அளந்து உறுதிசெய்வது. துளைகளுக்கு இடையே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி இருப்பதால் அப்பழுக்கற்ற மட்டம் எப்போதும் கிடைக்காது. இரண்டு துளைகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் மூக்கு சற்றுத் தாழ்ந்திருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கு உயர்ந்த இரட்டை அச்சு டிரெய்லரில் பாரம் பின் சோடிச் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும், ஆட்டமும் எளிதில் தொடங்கும்.

நாடா அளவு நல்ல தொடக்கம். முடிவான சான்று தராசுதான். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல், முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனி மேடைகளில் ஒரே நேரத்தில் எடைபோட்டுச் சீட்டுக் கொடுக்கிறது. மறு எடைக்குக் கட்டணம் குறைவு, கைபேசிச் செயலியிலேயே பணம் செலுத்திச் சீட்டையும் பெற்றுக்கொள்ளலாம். பார்கள் மாட்டி ஒரு முறை, கழற்றி ஒரு முறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒரு முறை என எடைபோட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மேடையின் மேலேயே பார்களைக் கழற்றிக்கொண்டிருந்தால் பின்னால் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், அதை வெளியே வந்து செய்யலாம். எங்கள் சீட்டுகளின்படி, டிரக் மட்டும் முன்னே 3,200 பவுண்டு, பின்னே 2,700. டிரெய்லரைப் பார்கள் இல்லாமல் ஏற்றியதும் முன்னே 2,860, பின்னே 3,840, டிரெய்லர் அச்சுகளில் 5,400. டிரக்கின் மீது கூடியது 800 பவுண்டு. அதுவே டங் வெயிட். டிரெய்லரின் மொத்தம் 6,200 என்பதால் அது 13 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. முன் அச்சு இழந்தது 340. காகிதக் கணக்குக்கும் தராசுக்கும் 20 பவுண்டுதான் வேறுபாடு. பார்களை மாட்டிய பின் முன்னே 3,020, பின்னே 3,580, டிரெய்லரில் 5,500. ஆக, பின் அச்சிலிருந்து 260 பவுண்டு விலகி, 160 முன்னுக்கும் 100 டிரெய்லருக்கும் போயிருக்கிறது. இழந்ததில் ஏறத்தாழ பாதி மீண்டிருக்கிறது. கதவுச் சீட்டிலுள்ள பின் அச்சு வரம்பை 3,840 நெருக்கிக்கொண்டு நின்றதையும், 3,580-இல் மூச்சுவிட இடம் கிடைத்ததையும் பார்க்கும்போது இந்தக் கருவியின் பயன் ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது.

சாலையில் இதன் நடத்தையைச் சோதிக்க, ஃபோர்ட் வொர்த்திலிருந்து விச்சிட்டா ஃபால்ஸ் வழியாக அமரில்லோவுக்குச் செல்லும் 287 நெடுஞ்சாலையைவிடப் பொருத்தமான இடம் டெக்சாஸில் எனக்குத் தெரியாது. மரமில்லாத சமவெளியில் பக்கவாட்டுக் காற்று ஓயாமல் வீசும். பெரிய லாரிகள் கடக்கும்போது முதலில் டிரெய்லரைத் தள்ளி, பிறகு உறிஞ்சும். சரிசெய்யப்பட்ட ஈக்வலைசருடன் அந்தத் தள்ளலும் உறிஞ்சலும் ஸ்டியரிங்கில் ஒரே ஒரு மெல்லிய அசைவாகத் தெரிந்து அடங்கிவிடுகின்றன, இரண்டாவது ஆட்டம் தொடர்வதில்லை. ஆனால் இந்தப் புகழ் முழுவதையும் உராய்வுக்கே கொடுத்துவிடக் கூடாது. கனமான பொருள்களைப் பின்பக்கம் குவித்து டங் வெயிட்டை 10 விழுக்காட்டுக்குக் கீழே தள்ளிவிட்டால், எந்த ஹிட்ச்சும் வாலாட்டத்தை நம்பகமாகத் தடுக்காது.

குறைகளும் உண்டு. முதன்மையானது சத்தம். எஃகு எஃகின் மேல் உராய்வதால், பெட்ரோல் நிலையத்தில் கூர்மையாகத் திரும்பும்போது பழைய கோட்டைக் கதவு திறப்பது போன்ற ஓசை எழுந்து சுற்றியிருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். குழிகளுக்குக் கிரீஸ் இட்டுத் துடைத்து மீண்டும் இட்டுப் பராமரித்தால் பெருமளவு குறையும். தாங்கியின் மேற்பரப்பில் கிரீஸ் இடக் கூடாது, அந்த உராய்வுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறோம். தாங்கிகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைகளை நிறுவனமே விற்கிறது, அவை உதவுகின்றன. இரண்டாவது குறை எடை. பந்துடன் கூடிய தலைப்பகுதியை ரிசீவரிலிருந்து உருவித் தூக்கிவைப்பது முதுகுவலிக்காரர்களுக்கு உகந்த வேலை அல்ல. பார்கள் தாங்கியில் உராயுமிடத்தில் பெயின்ட் போய்த் துரு பிடிப்பது இயல்பு, அதனால் கெடுதி எதுவும் இல்லை.

மாற்றாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புளூ ஆக்ஸ் நிறுவனத்தின் ஸ்வேப்ரோவில் தலைச் சாய்வு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருப்பதால், சங்கிலிக் கண்ணிகளை எண்ணியே இறுக்கத்தை மாற்றுகிறோம்; வாஷர் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு அது ஏற்றது. ஆண்டர்சன் எடை குறைவானது, அமைதியானது. ஹென்ஸ்லியும் புரோபிரைடும் வேறு வகை இயந்திர அமைப்பு. நீண்ட டிரெய்லருக்கு அவை சிறந்தவை, விலையும் அதற்கேற்ப ஈக்வலைசரைவிடப் பல மடங்கு. புரோகிரஸ் நிறுவனமே விற்கும் ஃபாஸ்ட்வே ஈ-டூ, செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்கு இதன் எளிய உறவினர்.

வாங்குவதென்று முடிவெடுத்தால், எந்த அளவு என்பதில் நிதானம் தேவை. 600, 1,000, 1,200, 1,400 என்று பார்களுக்குக் குறிக்கப்பட்ட எண்கள் டங் வெயிட் தாங்கும் அளவைச் சொல்பவை. பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைத்து 600 பவுண்டு டங் வெயிட்டுக்கு 1,400 பாரை மாட்டினால், அது வளையாமல் விறைத்து நின்று சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் டிரக்குக்குள் கொண்டுவரும். விற்பனைத் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் டங் வெயிட்டையும் நம்ப வேண்டாம். அது பேட்டரியும் எரிவாயுவும் இல்லாத வெற்று டிரெய்லரின் எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். ஏற்றிய டிரெய்லரின் உண்மையான டங் வெயிட்டோடு, டிரக்கின் பெட்டியில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கப்போகும் சாமான்களின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் கணக்கில் 800-உடன், பெட்டியின் கடைசியில் ஏற்றும் ஜெனரேட்டருக்கும் விறகுக்கும் 100 சேர்த்து 900 வந்தது, ஆகவே 1,000 பவுண்டு பார்களை எடுத்தோம். மிதிவண்டிகளையும் அங்கே மாட்டும் எண்ணம் இருந்திருந்தால் 1,200-ஐ எடுத்திருப்போம்.